கன்னக் கொக்கி

பிரஸ்டனை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டேன் என்று யாரும் பேசக்கூடாது. மூன்று வருடத்துக்கு முன் மினியாப்பொலிஸிலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவந்தவன். வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை. என்ன வேலை என்று இரண்டு தடவை விளக்கினான், இரண்டு தடவையும் எனக்கு அது வேலையாகத் தோன்றவில்லை. கால் இரண்டையும் மழமழவென்று சிரைத்துக்கொண்டு வருவான். சைக்கிளில் கியர் மாற்றக்கூட அவனுக்கு பேட்டரி வேண்டும். ஏற்றம் வந்தால் பாக்கெட்டைக் கடித்துப் பிய்த்து, கன்றுக்குட்டிக்குப் புகட்டுகிற மருந்து மாதிரி ஒரு பசையை உறிஞ்சுவான். அட, ஒரு சாண்ட்விச்சைத் தின்று தொலையேன்!

எங்கள் சனிக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். பத்தொன்பது வருடமாக நான்தான் முன்னால் ஓட்டுகிறேன். வழித்தாள் என் ஹேண்டில்பாரில்தான் இருக்கும், பிளாஸ்டிக் உறை போட்டு. விதிகளையும் நான்தான் எழுதினேன். முதல் விதி, காதில் எதுவும் கூடாது.

விதி இல்லாமல் எங்கள் சாலைகளில் ஓட்ட முடியாது. பின்னால் வருகிற வண்டியைக் கடைசி ஆள்தான் முதலில் பார்ப்பார். "பின்னால வண்டி!" என்று கத்துவார். அதைக் கேட்டவர் தனக்கு முன்னால் இருப்பவருக்குக் கத்தவேண்டும், அவர் அடுத்தவருக்கு. அப்படியே வாய் மாறி வாய் மாறி முன்னாலிருப்பவர்வரை வந்து சேரும். முன்னால் இருப்பவர் கேட்டாயிற்று என்பதற்கு அடையாளமாக இடது கையைத் தூக்கிவிட்டு, கூட்டத்தை ஓரங்கட்டவேண்டும். கடைசி ஆள் என் மனைவி ஆர்டிஸ். ஹெல்மெட்டில் சின்னக் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறாள், அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. நடுவில் இருக்கிற பத்துப் பேருடைய உயிரும் அவள் தொண்டையிலும் என் காதிலும் இருக்கிறது.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு, ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பிரஸ்டன் தலையில் ஒரு கொக்கியை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். பிடரியைச் சுற்றி ஒரு வளையம், காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கன்னத்து எலும்பில் ஒட்டினாற்போல் இரண்டு பொத்தான்.

"இது என்ன கண்றாவி?" என்றேன்.

"ஹெட்ஃபோன்தான் வெர்ன், ஆனா காதுக்குள்ள போகாது. சத்தம் எலும்பு வழியா உள்ள போகும். காது ரெண்டும் திறந்தே இருக்கு, பாருங்க."

"காது திறந்திருந்தா போதுமா தம்பி? மண்டையும் கொஞ்சம் திறந்திருக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. விதியில் 'காதில்' என்றுதானே எழுதியிருக்கிறது, இது கன்னத்தில் அல்லவா இருக்கிறது என்று வக்கீல் மாதிரி பேசினான். கிழட்டுப் பண்ணைக்காரன் டெல்மர், என் பால்ய நண்பன், "அவன் சொல்றது சரிதானேடா" என்று தலையாட்டினான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு யார் முகத்துக்கு நேராகவும் ஒன்றைச் சொல்லத் தெரியாது. வீடு பற்றி எரிந்தாலும், "கொஞ்சம் சூடா இருக்கில்ல?" என்பார்கள்.

அந்தக் கொக்கி வந்ததிலிருந்து கூட்டமே கெட்டுப்போயிற்று. நான் முன்னால் "குழி!" என்று சொன்னால் பின்னால் ஒருவனுக்கும் போய்ச் சேருவதில்லை. "டேய் வெர்ன், வாய்க்குள்ளயே முனகாத" என்று டெல்மர் குறை சொல்வான். நானா முனகுகிறேன்? என் குரல் எனக்குள் முரசு மாதிரி அதிர்கிறது! உண்மை என்னவென்றால் ஊரில் எல்லாருக்கும் காது மந்தமாகிவிட்டது. ஆர்டிஸும் பல் கட்டிக்கொண்டதிலிருந்து பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறாள். டிவி சத்தத்தைக் கூட்டினால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். "டாக்டர்கிட்ட போ வெர்ன், டாக்டர்கிட்ட போ" என்று இரண்டு வருடமாக ஒரே பாட்டு. இவள் பல்லுக்கு நான் ஏன் டாக்டரிடம் போகவேண்டும்?

போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ரிட்ஜ் ரோடு இறக்கம். நான் முன்னால், என் சக்கரத்தை ஒட்டி பிரஸ்டன், அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். சாலையோரத்தில் ஒரு ரக்கூன் செத்து நசுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றிப் போக இடது பக்கம் விலகினேன். அவ்வளவுதான், என் முழங்கைக்கு அருகே ஒரு பால் லாரி, மலை மாதிரி. ஹாரன் சத்தம் வயிற்றில் இடித்தது. காற்று என்னைப் பிடித்துத் தள்ளியது. எப்படி விழாமல் நின்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நின்ற இடத்திலேயே பிரஸ்டனின் சட்டையைப் பிடித்தேன். "ஏன்டா சொல்லல?"

"சொன்னேன் வெர்ன். ரெண்டு தரம் கத்தினேன்."

"பொய் சொல்லாத! உன் கொக்கியில பாட்டுக் கேட்டுட்டு வந்திருக்க. நான் செத்திருப்பேன்டா!"

அவன் மறுபடியும் எதையோ சொல்ல வாயெடுத்தான். டெல்மர் நடுவில் வந்து, "முதல்ல பேக்கரிக்குப் போவோம், காப்பி குடிப்போம்" என்றான். ஆர்டிஸ் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

பாதி வழியில் ஒரு பேக்கரி இருக்கிறது. அதன் வாசலில், ஆப்பிள் ஃப்ரிட்டர் பலகாரத்தின் சர்க்கரை ஒட்டிய விரலோடு நான் அறிவித்தேன்: "இன்னிக்கே முடிவு பண்ணுங்க. ஒண்ணு அந்தக் கொக்கி, இல்ல நான். அது கூட்டத்துல இருந்தா வழித்தாளை வேற எவனாவது எடுத்துக்கட்டும். இனிமே நான் முன்னால ஓட்டமாட்டேன்."

எல்லாரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். பிரஸ்டன்தான் சொன்னான்: "சோதிச்சுப் பாத்துடலாமே. நான் இதுல செய்தி ஓடவிட்டுட்டு அந்தச் சுவரைப் பாத்து நிக்கறேன். முப்பது தப்படி பின்னால இருந்து ஆர்டிஸ் கூப்பிடட்டும். கேட்டா கையைத் தூக்கறேன்."

நல்லது, தானாகவே வந்து மாட்டுகிறான் என்று சந்தோஷப்பட்டேன். அவன் சுவரைப் பார்த்து நின்றான். ஆர்டிஸ் தள்ளிப் போய் ஐந்து தடவை வாயைத் திறந்தாள். ஐந்து தடவையும் கை மேலே போயிற்று.

"நிழலைப் பாத்துத் தூக்கறான்! கொடு இங்க அந்தக் கருமத்தை. எல்லாரும் பாருங்க, இதை மாட்டினா மனுஷனுக்கு என்ன கேக்கும்னு காட்டறேன்."

கொக்கியைப் பிடுங்கி என் தலையில் மாட்டிக்கொண்டு சுவர் முன்னால் போய் நின்றேன். பக்கத்துத் தீவனக் கடையின் சுவர் அது. சிவப்புப் பெயிண்ட் உரிந்து, கீழே ஓர் எறும்பு வரிசை ஓடியது. காத்திருந்தேன். எறும்பு வரிசை மூலைவரை போய்விட்டது. இவர்களுக்கு எதற்கெடுத்தாலும் தாமதம்தான். பொறுமை போய்த் திரும்பினேன்.

"ஆரம்பிக்கலாமா வேணாமா? எவ்வளவு நேரம் நிக்கறது?"

பதினொரு பேரும் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். ஆர்டிஸ் அருகில் வந்தாள். "அஞ்சு தடவை கூப்பிட்டுட்டேன் வெர்ன். கடைசி தடவை தொண்டை கிழியக் கூப்பிட்டேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவேண்டுமா! இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். "பாத்தீங்களா! பாத்தீங்களா! நான் என்ன சொன்னேன்? இதை மாட்டினா ஒரு எழவும் கேக்காது! இதை வெச்சுக்கிட்டுத்தான் என் சக்கரத்துக்குப் பின்னால வந்தான் இந்தப் புண்ணியவான்!"

ஒருவரும் கை தட்டவில்லை. பிரஸ்டன் என்னவோ சொன்னான்.

"என்ன?"

அவன் கிட்டே வந்து என் முகத்துக்கு நேராகச் சொன்னான். "அது ஆஃப்ல இருக்கு வெர்ன். என் முறை முடிஞ்சதுமே அணைச்சுட்டேன்."

டெல்மர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனும் தன் ஷூவைத்தான் பார்த்தான். அப்போதுதான் புரிந்தது, இவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை மாதமாகத் தெரியுமோ! எனக்குப் பின்னால் பத்து மைல், இருபது மைல் ஓட்டிக்கொண்டு, நான் கையைத் தூக்குகிறேனா என்று பார்த்துக்கொண்டு, மரியாதையாக வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கோழைகள். அவர்களைச் சொல்லி என்ன? கேட்காமலேயே, நிழலையும் சந்தேகத்தையும் வைத்துச் சும்மா கையைத் தூக்கியவன் நான். இந்த வருடம் எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று எனக்கல்லவா தெரியும்.

"ஆன் பண்ணு" என்றேன்.

பிரஸ்டன் ஃபோனைத் தட்டினான். என் மண்டைக்கு நடுவில் ஒரு பெண் பேசினாள். மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து மழை வரலாம், காற்று மணிக்குப் பதினைந்து மைல் என்றாள். ஒவ்வோர் எழுத்தும் விழுந்தது. ஒரு வார்த்தைகூட விழுங்கப்படவில்லை. நான் திடுக்கிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தேன்.

"கேக்குதா?" என்று பிரஸ்டனின் வாய் அசைந்தது. தலையாட்டினேன்.

ஆர்டிஸ் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று தன் ஃபோனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். முப்பது தப்படிக்கும் அப்பால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிரஸ்டனின் ஃபோன் துடித்தது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அழைப்பை எடுத்தான்.

"பின்னால வண்டி" என்றாள் ஆர்டிஸ், என் மண்டைக்குள்.

அவள் கத்தவில்லை. சமையலறையில் பேசுவதுபோலப் பேசினாள். வார்த்தை முழுசாக வந்தது. அவள் பல்லில் ஒரு குறையும் இல்லை.

"பின்னால வண்டி, வெர்ன். இதைத்தான் ரெண்டு வருஷமா கத்திட்டு வரேன். காலைல அந்த லாரிக்கு நாலு தரம் கத்தினேன். எல்லாரும் கத்தினாங்க. அந்தப் பையன் கத்தினது கடைசில இருந்த எனக்கே கேட்டுச்சு. நீ இடது பக்கம் திரும்பின. நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

பிறகு அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் என் எலும்புக்குள் வந்துகொண்டிருந்தது.

காதுக்குள்ளே இருக்கிற குட்டி எலும்பு ஒன்று இறுகிப்போயிருக்கிறது, காற்றில் வரும் சத்தம் அங்கே முட்டி நின்றுவிடுகிறது, மண்டை எலும்பு வழியாக வருவதற்குத் தடையில்லை, அதனால்தான் என் குரல் மட்டும் எனக்குப் பெரிதாகக் கேட்கிறது என்று இந்த வாரம் டாக்டரம்மா படம் போட்டு விளக்கினாள். அந்த வாசலில் எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

கொக்கியைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். என் ஹேண்டில்பாரிலிருந்து வழித்தாளை உறையோடு உருவி, அதையும் கொடுத்தேன்.

"வேணாம் வெர்ன், நான் விளையாட்டுக்குத்தான்..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடு. ஒண்ணு அது, இல்ல நான்னு சொன்னேன் இல்ல? சொன்னது சொன்னதுதான். முன்னால போ. மெதுவாப் போ, உனக்கு வேகம் தெரியும், வழி தெரியாது. நடுவில அந்தப் பசையை எடுத்து உறிஞ்சினியோ, பள்ளத்துல தள்ளிடுவேன்."

அவனை எனக்கு இன்றும் பிடிக்காது. அது வேறு விஷயம்.

எங்கே சேர்ந்துகொள்வது என்று பார்த்தேன். நடுவில் எங்கே நின்றாலும் கூப்பாடு என்னிடம் வந்து செத்துவிடும். ஆகவே ஆர்டிஸுக்கும் பின்னால் போய் நின்றேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்கு முன்னால் பதினொரு முதுகுகள்.

ஊரைத் தாண்டி மூன்றாவது மைலில் ஆர்டிஸ் ஹெல்மெட் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் டெல்மரின் தாடை அசைந்தது, அதற்கு முன்னால் இன்னொருவன் தலையைத் திருப்பினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நெடுந்தூரத்தில், வரிசையின் முனையில், பிரஸ்டனின் இடது கை மேலே போயிற்று. நான் ஓரம் ஒதுங்கினேன், வண்டி என்னைக் கடந்து போயிற்று.