தேக்குக் கதவு வழியே போன ஓட்டு

தேர்தலுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கும்போதே தச்சரின் மனைவி ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாலை, நாடக மேடையில் நின்ற வீட்டின் வாசற்கதவைத் திறந்துகொண்டு போனவள், முப்பத்தைந்து நிமிடம் கழித்து விரலில் மையோடு அதே கதவு வழியாகத் திரும்பினாள்.

கதவைச் செய்தவர் தச்சர். வீடு கட்டுகிறவர்களுக்கு நிலைக்கதவு செய்து பழகிய கை. நாடகத்துக்கென்று பொய்யாக ஒன்று செய்ய வரவில்லை. சுவரெல்லாம் வர்ணம் பூசிய துணி, ஜன்னல் அட்டை, நடுவில் மட்டும் நாலு பேர் தூக்க வேண்டிய தேக்குக் கதவு, பித்தளைக் கீல், தாழ்ப்பாள். "துணி வீட்டுக்குத் தேக்குக் கதவா? திருடன் வந்தா சுவரைக் கிழிச்சுட்டுப் போவான்யா," என்று கோமாளி வேஷக்காரர் கிண்டலடிப்பார். "அது அவன் இஷ்டம். கதவு கதவா இருக்கணும்," என்பார் தச்சர். கதவுக்குப் பின்னால் முழங்கால் உயரப் பள்ளம், அப்பால் மண்டபத்தின் செங்கல் சுவர். மனைவி தடுமாறாமல் இறங்க அவர் அங்கே கை நீட்டிக்கொண்டு நிற்பார். நூற்றுப் பதினாறு காட்சிகளில் அந்தக் கை ஒரு நாளும் தவறியதில்லை.

நாடகத்தில் அப்பா ஒரு கட்சி, மகன் எதிர்க்கட்சி. சாப்பாட்டு மேசையின் நடுவே சாக்பீஸால் கோடு கிழித்து உட்காருவார்கள். அம்மாவை இருவரும் இழுப்பார்கள். அவள் யாருக்கென்று சொல்லாமலே ஓட்டுப் போடக் கிளம்புவாள், அத்தோடு திரை. அம்மா வேஷம் தச்சரின் மனைவிக்கு. தேர்தல் வருஷம், கூட்டம் அள்ளியது. மண்டபத்துச் சொந்தக்காரரே அந்த முறை வேட்பாளர். அந்த ஞாயிற்றுக்கிழமை காட்சிக்கு முன் வந்தார்.

"போறப்போ என் சின்னத்தைச் சொல்லிட்டுப் போம்மா. ஒரே வார்த்தை. இல்லேன்னா நாளைக்கு மண்டபத்துக்குப் பூட்டு."

அவள் கணவனைப் பார்த்தாள். "என்னைப் பாக்காதே. நான் கதவு மட்டும்தான் செஞ்சேன்," என்றார் அவர்.

வேட்பாளர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். கடைசிக் காட்சியில் அவள் எப்போதும் சொல்லும் வசனத்தையே சொன்னாள்: "சோறு ரெண்டு பேருக்கும் போட்டாச்சு. ஓட்டு என்னோடது." தாழ்ப்பாளைத் தூக்கிக்கொண்டு போனாள். பின்னால் நீட்டிய கையைப் பிடிக்க யாரும் வரவில்லை. திரையை இறக்கலாமா என்று கேட்டார்கள். "வருவா, இருங்க," என்றார் தச்சர். கூட்டமும் இருந்தது. திரும்பி வந்தவள், "வரிசை கொஞ்சம் நீளம்," என்றாள்.

வேட்பாளர் மேடையேறிக் கதவை ஏழு முறை திறந்து பார்த்தார். ஏழு முறையும் செங்கல் சுவர். பூட்டியிருந்தால் உடைத்திருப்பார், திறந்தே கிடந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மறுநாள் மண்டபத்துக்குப் பூட்டு விழுந்தது. நாலு பேர் தூக்க வேண்டிய கதவைத் தச்சர் ஒற்றை ஆளாகத் தோளில் வைத்து, கடைத்தெரு வழியாகத் திடலுக்குக் கொண்டுபோனார். அன்று அது கனக்கவில்லை.

தேர்தலன்று சாவடி அதிகாரி பட்டியலைப் பார்த்தார். அவள் பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு போட்டிருந்தது.

"நீங்க போட்டாச்சேம்மா."

"தெரியும் சார். இவரைக் கூட்டிட்டு வந்தேன்."

அதற்குப் பின் வந்த நான்கு தேர்தல்களிலும், வீட்டில் இரண்டு பக்கமும் இழுபட்ட பெண்கள் திடலில் நின்ற அந்தக் கதவு வழியாகத்தான் ஓட்டுப் போடப் போனார்கள். தச்சர் கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, திரும்பி வருகிறவர்கள் இறங்கக் கை கொடுப்பார். யாருக்குப் போட்டீர்கள் என்று எவரிடமும் கேட்டதில்லை, தன் மனைவியிடமும்தான்.