காற்று போகாத இடம்

அக்கா காரின் முன்சீட்டில் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, காற்று வரும் துவாரத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "பத்தொன்பதுடா!" என்று கத்தினாள். வாயசைவுதான் தெரிந்தது. விரல்களைக் காட்டிய பிறகே எனக்குப் புரிந்தது.

மாமா, அக்காவின் கணவர், ஓர் அலுவலகத்துக்கு இந்த வண்டியை ஓட்டுகிறார். நாளை அங்கிருந்து ஏசியைச் சோதிக்க ஆள் வருகிறார். பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் இன்னும் மூன்று வருட ஒப்பந்தம். இல்லையென்றால் அவ்வளவுதான். அக்கா மகளின் படிப்பு முடியவும் மூன்று வருடம் இருக்கிறது.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. யாரும் நம்புவதில்லை, ஆனாலும் ஏசி மெக்கானிக்கான நான் விடாமல் சொல்வேன். அது உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டும் இடம், வண்டியின் முன்கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற கண்டென்சர். அதன் மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்று புகுந்தால்தான் சூடு போகும். பழைய வண்டி என்றதும் காஸ் ஏற்றச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். மூக்கடைத்தவனுக்கு இன்னொரு தட்டு சோறு வைத்தால் மூச்சு வருமா?

"ஆரம்பிச்சிட்டார் வாத்தியார்" என்று மாமா எப்போதும் கிண்டல் செய்வார். இன்று கிரில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காஸின் அழுத்தம் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. விசிறி ஒழுங்காகச் சுற்றியது. அப்படியென்றால் சூடு போக வழியில்லை. கிரில்லைக் கழற்றினேன். கண்டென்சரின் கீழ்ப்பாதியை ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தாள் மூடியிருந்தது. நாலு மூலையிலும் மெல்லிய கம்பி. முழுவதும் மூடினால் ரேடியேட்டருக்கும் காற்று போகாமல் எஞ்சின் கொதித்துவிடும். இது எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாமல் உள்ளே மட்டும் புழுங்க வைக்கிற அளவு. இதையெல்லாம் ஒருநாள் சாப்பிடும்போது மாமாவுக்கு விளக்கியவன் நான்தான்.

தூக்கியிருந்த பானெட் எங்களை அக்காவிடமிருந்து மறைத்திருந்தது.

"மாமா..."

"கிரில்லை மாட்டு மச்சான்."

"ஏன் மாமா?"

அழுக்காகாத கைகளை அவர் துடைத்துக்கொண்டார். "பின்னாடி உக்காந்து ஆபீஸ்காரனுங்க பேசுறதெல்லாம் காதுல விழும். விழாத மாதிரி ஓட்டணும். கண்ணாடிய இறக்கக் கூடாது. பன்னெண்டு வருஷம். போன மாசம் சிக்னல்ல நிக்கிறப்ப எனக்கு மூச்சே வரல. கதவத் தொறந்து ஓடிடலாம் போல இருந்துச்சு."

"அக்காகிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னேன். மூணே வருஷம், பல்லக் கடிச்சுக்கோங்கன்னா. அவ மேலயும் தப்பில்ல. நானா விட்டா கேள்வி வரும். வண்டியே கைவிட்டா யார் கேப்பா?"

கிரில்லைக் கையில் எடுத்தேன். சத்தியமாக, மாட்டத்தான் எடுத்தேன்.

கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. "என்னடா, கண்டுபிடிச்சியா இல்லையா?"

"கண்டுபிடிச்சிட்டேன்க்கா!"

இருபது வருடமாக அந்தக் கேள்விக்கு என் வாயில் வேறு பதில் இருந்ததில்லை. சொன்ன பிறகுதான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. குனிந்து கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். தாளை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"என்னவாம்?" அக்கா இறங்கி வந்தாள்.

"தூசி" என்றார் மாமா. "உன் தம்பி எடுத்துட்டான்."

"நான் சொல்லல? என் தம்பி கை பட்டா செத்த மெஷினும் எந்திரிச்சு உக்காரும்!"

கண்டென்சரில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, கிரில்லை மாட்டி, பானெட்டை மூடினேன். மாமா ஓட்டுநர் சீட்டில் ஏறினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அவளுடைய விரல்கள் பதினான்கு காட்டின, பிறகு பத்து, பிறகு எட்டு. மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்திருந்தார்.

குளிர்ந்த முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் கீழிருந்து மேலாக ஈரம் படர்ந்தது. ஸ்டியரிங் மறைந்தது, அக்காவின் விரல்கள் மறைந்தன, கடைசியாக மாமாவின் முகமும். கொஞ்ச நேரம் கழித்து வைப்பர் ஒரே ஒரு தடவை அசைந்தது. மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கண்ணாடி வெளுத்தது.