வெறுங்கால் வாக்குமூலம்

எண்பத்தொன்பதில் ஊரில் இளந்தாரிகளைத் தெருவில் பிடித்துக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். ஜனார்த்தனையும் பிடித்து, ஓடாமல் இருக்கச் செருப்பைப் பறித்துவிட்டு, கையில் துவக்கைக் கொடுத்தார்கள். அவன் துவக்கை மரியாதையாய்க் கீழே வைத்துவிட்டு, முள்ளுப் பற்றைக்குள்ளால் இரண்டு மைல் ஓடிக் கடைசியில் ரொறன்ரோவில் நின்றான்.

இனி அதை அகதி விசாரணையில் நம்பவைக்க வேண்டும். நம்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். பிடித்துச் சேர்க்கிற படைகளுக்கு ஊரில் பஞ்சமில்லை.

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் நானும் ஜனார்த்தனும் ஒரே அறை. மேல்மாடி இரத்தினவேல் அண்ணை தன்னுடைய அகதிக் கேஸை வென்றவர். அந்தத் தகுதியில் கட்டடம் முழுவதற்கும் ஆலோசகர்.

"பயத்தில ஓடினனான் எண்டு சொல்லிப்போடாதை. கொள்கையளவில ஆயுதத்துக்கு எதிரானவன் எண்டு சொல்லு."

"கொள்கை எண்டா என்னண்ணை?"

"பயம்தான்ரா. கோட் சூட் போட்டிருக்கும்."

தை மாதப் பனி. துணைக்கு நான் போனேன். விசாரணை அறையின் கம்பளத்தைக் கண்டதும் ஜனார்த்தன் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினான். நனைந்த காலுறையையும் மடித்து உள்ளே வைத்தான்.

"டேய், இது வீடில்லையடா."

"ஆரோ கூட்டித் துடைச்ச இடம்தானே மச்சான்."

அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்து ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பாலேஸ்வரி அன்ரி தமிழில் சொன்னா: "வெறுங்காலோட முள்ளுக்குள்ளால ரெண்டு மைல் ஓடினதை நம்பக் கஷ்டமா இருக்காம், தம்பி."

ஜனார்த்தன் எழும்பினான். "நான் கொள்கையளவில..."

ஃபயர் அலாம் அடித்தது.

அதிகாரி பைலை மூடினார். அன்ரி கைப்பையைத் தேடினா. நான் கோட்டைத் தேடினேன். ஜனார்த்தனின் கதிரை மட்டும் ஆளில்லாமல் சுழன்றுகொண்டிருந்தது.

நாங்கள் வெளியே வந்தபோது பனியில் வெறுங்கால் தடம், ஐந்து விரலும் துப்புரவாய். வாசலில் தொடங்கி, தெருவைக் கடந்து, பார்க்கை ஊடறுத்து, அந்தப் பக்க டோனற், கோப்பி விற்கிற கடைக்குள் போயிருந்தது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கொள்கை நடுங்கிக்கொண்டு நின்றது.

அதிகாரி தடத்தைக் கனநேரம் பார்த்துவிட்டு அன்ரியிடம் பேசினார்.

"என்னவாம் அன்ரி?"

"இனிக் கேள்வி இல்லையாம். கேஸ் சரியாம். அவன்ரை சப்பாத்தைக் கொண்டுபோய்க் குடுக்கட்டாம்."

இரத்தினவேல் அண்ணை முழுக்கதையையும் கேட்டு, கண்ணை மூடி யோசித்து, தன்னுடைய ஆலோசனையில் ஒரு திருத்தம் செய்தார்.

அடுத்த மாதம் என்னுடைய விசாரணை. போனபோது வாசலில் ஏற்கெனவே நாலு சோடி சப்பாத்து, கோயில் மாதிரி, காலுறைகள் மடித்து உள்ளே.

ஐந்தாவதாக நானும் கழற்றினேன்.