ஐஸ் மூட்டைமேல் உட்கார்ந்த சுபஹான்

செங்கல்பட்டுக் கடைத்தெருவில், தனகோடியின் மருந்துக் கடை வாசலில் காலை எட்டரை மணிக்கே நூறு பேர் கூடி, ஆளுக்கொரு விதமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் பரவிக்கொண்டிருந்தது. அதற்கான சீரம் ஊசி மருந்து அவர் ஒருவரிடம்தான் இருந்தது. போன வாரம் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்ற குப்பி, இன்று நாற்பது.

"மெட்ராஸ்லயே சரக்கு இல்ல. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் தனகோடி.

கூட்டம் கத்தக் கத்த அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. இத்தனை பேர் வந்து நின்றால் கிராக்கி ஏறிவிட்டது என்பது அந்த மகானின் கணக்கு. ஒன்பது மணிக்கு விலை ஐம்பது ஆயிற்று. கோபப்பட்டே பத்து ரூபாய் ஏற்றிவிட்ட ஜனங்களை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்!

அந்த நேரம் பார்த்துத்தான் ஐஸ்காரர் அப்துல் சுபஹான் வந்து சேர்ந்தார். தினமும் மெட்ராஸிலிருந்து முதல் ரயிலில் ஐஸ் கட்டிகளை மரத்தூளும் கோணியும் சுற்றிக் கொண்டுவந்து, மீன்காரிகளுக்கும் தனகோடியின் மருந்துப் பெட்டிக்கும் போடுகிறவர். இன்று ரயிலடியிலேயே அவர் மனைவி அக்தர் பேகம் டாக்டர் சீட்டோடு அழுதுகொண்டு நின்றாள். ஐந்து வயது மகள் ஜெய்புன்னிசாவுக்கு மூச்சு இழுக்கிறது. பகல் ஒரு மணிக்குள் ஊசி போட்டாக வேண்டும். சுபஹான் மடியில் இருந்தது பதினைந்து ரூபாய்.

கூட்டத்தில் ஒருவன் கல்லை எடுத்தான். "கீழ போடுப்பா! கண்ணாடியோட மருந்தும் ஒடஞ்சிடும், எம் பொண்ணு செத்துடும்!" என்று அலறினார் சுபஹான். இறக்கி வைத்த ஐஸ் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து தனகோடி குரல் கொடுத்தார். "சுபஹான், ஐஸ் எங்கப்பா? பொட்டில தண்ணிதான் கீது. சீரம் சூடானா கெட்டுப்பூடும், சீக்கிரம் எடுத்தா!"

பழக்க தோஷம், சுபஹான் எழப் போனார். பின்னாலிருந்து ஒரு கை தோளை அழுத்தியது. மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் மீன் கூடை கொண்டுவரும் சம்பூர்ணம்.

"குந்து பாய். இன்னிக்கு வெல நான் பேசறேன்," என்றவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இன்னாத்துக்குக் கூவறீங்க? எங்கிட்ட மீனு வாங்க எப்டி நிப்பீங்க? அப்டி நில்லுங்க."

அது செங்கல்பட்டுக்காரர்களுக்குக் கைவந்த கலை. காலையில் யாரும் மீன் வாங்குவதில்லை. கையைக் கட்டிக்கொண்டு கூடையைச் சுற்றி நிற்பார்கள். வாயே திறக்க மாட்டார்கள். ஐஸ் கரைவதையே பார்ப்பார்கள். பதினோரு மணிக்கு அவளே பாதி விலைக்கு இறங்கி வருவாள். அந்தப் பாவிகளைத்தான் இன்று தனகோடிக்கு எதிரில் நிறுத்திவிட்டாள்.

கூச்சல் நின்றது. நூறு ஜோடிக் கண்கள் மூட்டையிலிருந்து ஒழுகிய தண்ணீரைப் பார்த்தன. திட்டவும் மாட்டேன், போகவும் மாட்டேன் என்று நிற்கிறவர்களைத் தனகோடி என்ன செய்வார்? மருந்துப் பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"சரி, நாப்பது," என்றார்.

"செவுளத் தூக்கிக் காட்டு," என்றாள் சம்பூர்ணம், மீன் கெட்டுவிட்டதா என்று தன்னிடம் கேட்கிறவர்கள் மாதிரியே. ஒருவரும் சிரிக்கவில்லை.

சுபஹானுக்குக் கீழே மரத்துப் போனது, மேலே பற்றி எரிந்தது. கெட்டுப்போனால் தனகோடிக்குக் காசுதான் நஷ்டம், இவருக்குப் பிள்ளை. விலை முப்பதுக்கு வந்ததும் "குடு..." என்று வாயைத் திறந்தார். சம்பூர்ணம் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பாவம், பேரம் பேசியே அறியாத மனுஷன். பேசிக்கொண்டு நின்றால் தன் சரக்கு தண்ணீராகிவிடும் என்று கேட்ட விலைக்கே கொடுத்துப் பழகியவர். இருபதுக்கு வந்தபோது தேம்பித் தேம்பி அழுதார்.

"பன்னண்டு! எடுத்துகினு தொலைங்க!" என்று தனகோடி கத்தியபோது மணி பதினொன்று பத்து.

சுபஹானால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். தொப்பியைக் கழற்றி, ஒரு ஐஸ் துண்டும் குப்பியும் அதில் வைத்துக்கொண்டு ஓடினார். மூட்டைமேல் சம்பூர்ணம் உட்கார்ந்து, "ஐஸு அம்பது ரூவா மொதலாளி, கரையக் கரைய ஏறும். மெட்ராஸ்லயே சரக்கு இல்ல," என்று ஆரம்பித்தது முதுகுக்குப் பின்னால் கேட்டது. மீதிக் குப்பிகளும் பன்னிரண்டுதான் என்று தனகோடி தன் கையாலேயே பலகையில் சாக்கட்டியால் எழுதிய பிறகுதான் அவள் எழுந்தாளாம். பிற்பாடு அவளே சொன்னாள்.

ஊசி போட்டாயிற்று. "இனி பயமில்ல பாய்," என்றார் டாக்டர். ஜெய்புன்னிசா கண்ணைத் திறந்து, தகப்பனை மேலும் கீழும் பார்த்தாள். தண்ணீர் சொட்டும் அவருடைய கைலியில் பார்வை நின்றது.

"அத்தா," என்றாள் கம்மிய குரலில், "ஒண்ணுக்குப் பூட்டியா?"

"ஆமாம்மா," என்று அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தார், அழுதார் சுபஹான். "பயத்துல பூட்டேன்."