குவாட்டர் கண்ணுசாமி இல்ல விழா

கரட்டுப்பட்டியில் கண்ணுசாமி என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம் உள்ளவர் நெட்டைக் கண்ணுசாமி. காலையும் மாலையும் கேனோடு அலைகிறவர் பால் கண்ணுசாமி. மூன்றாவது ஆள்தான் நம்முடைய ஆள். மழையை நம்பிச் சோளமும் கடலையும் போடுகிற ஐம்பத்துமூன்று வயது மனிதர். அவரைக் குவாட்டர் கண்ணுசாமி என்பார்கள்.

அவர் குடியை விட்டு ஆறு வருஷம் எட்டு மாதம் ஆகிறது. அதற்காக ஊர் பேரை மாற்றிவிடுமா? குஜிலியம்பாறை பஸ் ஊருக்குள் திரும்புகிற இடத்துக்கு ஆலமர ஸ்டாப் என்று பெயர். அந்த ஆலமரத்தை ரோட்டுக்காக வெட்டிப் பதினைந்து வருஷம் ஆயிற்று. இன்றைக்கும் கண்டக்டர் "ஆலமரம் எறங்கு" என்றுதான் சொல்கிறார், எல்லோரும் சரியாக இறங்கிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான், ஒட்டத் தெரியும், பிய்க்கத் தெரியாது.

கண்ணுசாமிக்கும் அதில் வருத்தம் கிடையாது. குவாட்டர் மாமா, குவாட்டர் அண்ணே என்று கூப்பிட்டால் என்னப்பா என்று திரும்புவார். மகள் சுகன்யாவின் நிச்சயதார்த்தம் வரைக்கும் அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

சுகன்யா திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை சிவபிரகாஷ். அவனுடைய அப்பா உடையப்பனுக்கு நத்தம் பக்கம் மாந்தோப்பும் புளியந்தோப்பும் உண்டு. பெண் பார்க்க வந்த அன்று உடையப்பன் காப்பியைக் குடித்து முடித்து, சட்டைப்பையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நகைநட்டுன்னு நாங்க எதுவும் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான். குடி இருக்கற வீட்ல நாங்க சம்பந்தம் வச்சுக்கிறது இல்ல."

கண்ணுசாமி வாயைத் திறப்பதற்குள் அவருடைய மனைவி ஒச்சம்மாள் முந்திக்கொண்டாள். "எங்க வீட்ல அந்தப் பேச்சுக்கே எடமில்லைங்க" என்றாள். அது பொய் இல்லை. 'இப்ப' என்கிற ஒரே ஒரு சொல்லை மட்டும் அவள் விழுங்கிவிட்டாள். ஆனால் அந்தச் சொல் கண்ணுசாமியின் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது. இரண்டு மாதமாக அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

நிச்சயதார்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது என்பதால் அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். விடிந்ததும் வாழையிலைக் கட்டு வாங்க ஆலமர ஸ்டாப்புக்கு வந்த கண்ணுசாமி, அங்கே நிமிர்ந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பன்னிரண்டு அடிக்கு ஒரு பிளக்ஸ். அதில் சந்தனப்பொட்டோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே ரோஜாப்பூ வளையத்துக்குள், தூரத்துப் பஸ்ஸிலிருந்தும் படிக்கிற அளவு எழுத்தில், 'குவாட்டர் கண்ணுசாமி - ஒச்சம்மாள் இல்ல விழா. வருக வருக' என்று போட்டிருந்தது.

பிளக்ஸ் வைத்தது ஒச்சம்மாளின் அண்ணன் மகன் முகேஷ்குமார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சாரத்தின் கீழே பெருமையோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, என்னலே எழுதி வச்சிருக்க?"

"ஏன் மாமா, எழுத்துப்பிழை எதும் இருக்கா? பிளக்ஸ் அடிச்ச இஷாக் பாய்கிட்ட ரெண்டு வாட்டி படிச்சுக் காட்டச் சொன்னேனே."

"குவாட்டர்னு போட்டிருக்கியேடா."

முகேஷ்குமாருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "பொறவு வெறும் கண்ணுசாமின்னா போடுறது? மாப்ள வீட்டு வேனு நேரா நெட்டைக் கண்ணுசாமி வாசல்ல போயி நிக்கும். அவரு வேற வீட்டுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்காரு. நீங்கதான் தொடுறதில்லைன்னு ஊருக்கே தெரியும்ல மாமா."

ஊருக்குத் தெரியும். நத்தத்துக்குத் தெரியாதே. பையனைத் திட்டி என்ன செய்ய? பாசத்தோடு பிளக்ஸ் வைத்திருக்கிறான், அடையாளத்துக்கு இனிஷியல் போடுகிற மாதிரி குவாட்டரையும் போட்டுவிட்டான். கண்ணுசாமி ஏணியைச் சாய்த்து, இலை அறுக்கிற கத்தியோடு மேலே ஏறினார்.

கயிற்றில் கத்தியை வைத்தபோது கை நின்றுவிட்டது. இந்தக் கையை அவருக்கு நன்றாகத் தெரியும். யாராவது வருவதற்குள் எதையாவது மறைத்துவிட வேண்டும் என்று பதறுகிற கை. சோளத்தட்டைப் படப்புக்குள்ளும் கோழிக்கூண்டுக்கு அடியிலும் பாட்டிலைச் செருகிய கை. ஒரு தடவை ஒச்சம்மாளின் அரிசிப் பானைக்குள், இன்னொரு தடவை முருகன் படத்துக்குப் பின்னால். திண்டுக்கல் மறுவாழ்வு மையத்தில் அவருக்கு ஆலோசனை சொன்ன கிளாரா முதல் நாளே கேட்டது குடியைப் பற்றி அல்ல. "எங்கெங்கண்ணே ஒளிச்சு வப்பீங்க?" என்றுதான் கேட்டது. பதினேழு இடம் சொன்னார். கிளாரா சிரிக்காமல் எழுதிக்கொண்டு, "மொதல்ல இந்த ஒளிக்கிற கை நிக்கட்டும்ணே" என்றது.

அந்தக் கிளாராதான் அவருக்கு ஒரு புதுச் சொல்லும் கொடுத்தது. குடிகாரன் இல்லை, குடிநோயாளி. சர்க்கரை நோயாளி மாதிரி, மருந்தும் உண்டு, பத்தியமும் உண்டு. மையத்தை விட்டு வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட அறையில் நடக்கிற கூட்டத்துக்கு அவர் போகிறார். இருபது பேர் வட்டமாக உட்கார்வார்கள். ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்பார்கள். மற்ற எல்லோரும் சேர்ந்து வணக்கம் சொல்வார்கள். அங்கே வாரந்தவறாமல் வாய்விட்டுச் சொல்கிற ஒன்றைச் சம்பந்தி கண்ணில் படாமல் வெட்டித் தள்ள, விடியற்காலையில் ஏணியில் நிற்கிறோமே என்று கண்ணுசாமிக்கு வெட்கமாகிவிட்டது. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார்.

"அது கெடக்கட்டும்லே. எலைக் கட்டைத் தூக்கு" என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஒச்சம்மாள் கரண்டியோடு வந்தாள். "இந்தா பாருங்க, கூடி வாரப்ப கெடுக்காதீக. முகேசு போயி அந்தப் பேரு மேல ஒரு தாள ஒட்டட்டும். நீங்க செத்த நேரம் வாயத் தெறக்காம இருந்தா போதும்."

"கேட்டுட்டாகன்னா?"

"பேருதானே, சும்மா வச்சதுன்னு சொல்லிக்கலாம்."

பட்டுச்சேலையில் பூ வைத்துக்கொண்டிருந்த சுகன்யா கண்ணாடியிலிருந்து திரும்பினாள். அவளைப் பார்க்கக் கண்ணுசாமிக்குத் தைரியம் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும், இதே வாசலில் அவளுக்குச் சடங்கு நடந்தது. தாய்மாமன் சீர்வரிசை மேளதாளத்தோடு வந்தபோது அவர் ஆலமர ஸ்டாப்பில் வேட்டி அவிழ்ந்து கிடந்தார். சீர்த்தட்டுக்காரர்கள் அவரைத் தாண்டித்தான் ஊருக்குள் வந்தார்கள். இன்னொரு முறை அவள் விசேஷம் அவரால் கெட்டால், அதற்கு மேல் அவளுக்கு அப்பன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு முகம் இல்லை.

"நீங்களே சொல்லிருங்கப்பா" என்றாள் சுகன்யா. "வேற ஆளு சொல்லி அவுக கேக்குறதுக்கு, நீங்க சொல்லிக் கேக்கட்டும்."

"சம்பந்தம் போயிருச்சுன்னா தாயி?"

"போனா போகட்டும். நீங்க குடிச்சப்பதான் எனக்கு அசிங்கமா இருந்துச்சு. விட்டதச் சொல்றதுல என்ன அசிங்கம்."

ஒச்சம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வெங்காயம் இல்லாமலே கேட்டது.

ஒன்பதரைக்கு வேன் வந்தது. ஆலமர ஸ்டாப்பில் வேகத்தடை உண்டு, வேன், தாள் ஒட்டாத பிளக்ஸுக்கு நேர் எதிரே நின்று நிதானமாகத்தான் ஏறி இறங்கியது. பந்தலில் இறங்கிய பெண்கள் முந்தானையால் வாயை மறைத்திருந்தார்கள். இரண்டு இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். உடையப்பன் மட்டும் முகத்தில் எதையும் காட்டாமல் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒரு புளிப்பு மிட்டாயை உரித்து வாயில் போட்டார்.

தாம்பூலத் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பழம், பூ, சேலை, மஞ்சள் எல்லாம் இருந்தது. பால் கண்ணுசாமி நேரத்தைப் பார்த்து, "ம், மாத்திக்கங்கப்பா" என்றார். கண்ணுசாமி எழுந்து நின்றார். தட்டை எடுக்கவில்லை.

"தட்டு மாத்தறதுக்கு முந்தி ஒரு வார்த்த" என்று தொடங்கினார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. ஆறு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் பழகிய வாய் மட்டும் தானாகப் பேசியது.

"என் பேரு கண்ணுசாமி. நான் ஒரு குடிநோயாளி."

ஒச்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்ட அறையாக இருந்தால் இந்நேரம் இருபது குரல் வந்திருக்கும். இங்கே சமையல்காரரின் கரண்டிகூட நின்றுவிட்டது. இனி மேலே பேச வேண்டும், ஆனால் அந்த வணக்கம் வராமல் அவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை.

"வணக்கம் கண்ணுசாமி" என்று ஒரு குரல் கேட்டது.

சொன்னவர் உடையப்பன். சொல்லிவிட்டு அவரே திகைத்த மாதிரி மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பதில் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் நாக்கில் இருக்கும். கண்ணுசாமி அவரைப் பார்த்தார். உடையப்பன் மெதுவாக எழுந்தார்.

"என் பேரு உடையப்பன்" என்றார். "நானும் ஒரு குடிநோயாளி. விட்டுப் பதினோரு வருசம். மதுரைக்குக் கூட்டத்துக்குப் போறேன்."

பந்தலில் யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. கண்ணுசாமிக்குத் தெரிந்தது. "வணக்கம் உடையப்பன்" என்றார். அவர் குரல் உடைந்துபோயிற்று, அதை மறைக்கவும் அவர் பார்க்கவில்லை.

"குடி இருக்கற வீடு வேணாம்னு அன்னைக்குச் சொன்னேன்ல, அது ஒங்களப் பயந்து சொல்லல, சம்பந்தி. என்னப் பயந்து சொன்னது. மகன் பொண்ணு கட்டுன வீட்டுக்கு நான் வந்துபோயி இருக்கணும். அங்கன ஒரு பாட்டில் இருந்தா என் கை சும்மா இருக்குமா? அதச் சொல்லியிருக்கணும். இவதான் வாயத் தெறக்காதீகன்னுட்டா." பக்கத்தில் இருந்த மனைவியைக் காட்டினார்.

அந்த அம்மாள் ஒச்சம்மாளைப் பார்த்தாள். ஒச்சம்மாளும் அவளைப் பார்த்தாள். இரண்டு மாதமாக ஆளுக்கு ஒரு சொல்லை விழுங்கிக்கொண்டு இருந்தவர்கள் இருவரும், முதலில் தலையைக் குனிந்துகொண்டார்கள், பிறகு ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் பந்தலுக்கு மூச்சு வந்தது. கண்ணுசாமி சடங்கு நாள் கதையைச் சொன்னார், பதினேழு இடத்தையும் சொன்னார். முருகன் படத்துக்குப் பின்னால் என்றபோது முதலில் சிரித்தது சுகன்யாதான்.

"பேசுறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ராகுகாலத்துக்கு ஏழு நிமிசம்தான் கெடக்கு" என்றார் பால் கண்ணுசாமி. அவசரம் அவசரமாகத் தட்டை மாற்றினார்கள். கண்ணுசாமி அன்றைக்கு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பிப் போகும்போது உடையப்பன் வேனை ஆலமர ஸ்டாப்பில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். கண்ணுசாமியும் முகேஷ்குமாரும் கூட வந்திருந்தார்கள். இரண்டு சம்பந்திகளும் பிளக்ஸை அண்ணாந்து பார்த்தார்கள்.

"கல்யாணத்துக்கு வேற மாதிரி போட்டுருதேன் மாமா" என்று முகேஷ்குமார் தலையைச் சொறிந்தான்.

"எதுக்கு? இதையே போடு மாப்ள" என்றார் உடையப்பன். "பக்கத்துல என் பேரையும் போடு. எங்க ஊருல எனக்கு ஆஃப் உடையப்பன்னு பேரு." கண்ணுசாமி பக்கம் திரும்பினார். "நான் ஒங்களவிடப் பெரிய ஆளு, சம்பந்தி."

கண்ணுசாமி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "அடியில நம்ம ரெண்டு பேரு போன் நம்பரையும் போடுலே" என்றார். "குடிய விட நெனைக்கிறவக கூப்புடலாம்னு எழுது."

தை மாதக் கல்யாணத்துக்கு அப்படியே பிளக்ஸ் வைத்தார்கள். குவாட்டர் ஒரு பக்கம், ஆஃப் ஒரு பக்கம், நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். படித்துவிட்டுச் சிரிக்காதவர் இல்லை. சிரித்தாலும் நம்பரைக் கடைசிவரை படித்தார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில், கண்ணுசாமி பந்தல் பிரிக்கிறவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத நம்பர். எதிர்முனையில் வெகு நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"பிளக்ஸுல பாத்தேன்" என்றது ஒரு குரல். "அந்த ஞாயித்துக்கிழம கூட்டம். அங்க பேரு சொல்லணுமா?"

கண்ணுசாமிக்கு அந்தக் குரலைத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் சோளத்தட்டைப் படப்புக்கு அடியில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்த குரல் அது. மூன்று வீடு தள்ளி, சமீபத்தில் வெள்ளையடித்த, நிலைப்படி தலையில் இடிக்கிற வீட்டிலிருந்து, வேறு யாருடைய போனிலிருந்தோ பேசுகிறது. தெரிந்ததாகக் கண்ணுசாமி காட்டிக்கொள்ளவில்லை.

"இஷ்டம்னா சொல்லலாம். இல்லாட்டி சும்மா வந்து ஒக்காந்தா போதும். காலையில எட்டு மணி பஸ்ஸுக்கு நான் ஆலமரத்துல நிப்பேன்."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் குரல் சொன்னது.

"என் பேரும் கண்ணுசாமிதான்."

"வணக்கம் கண்ணுசாமி" என்றார் கண்ணுசாமி.