பாதியில் நின்ற சொல்

இருபத்திரண்டு வருஷம் வாடகைக் கார் ஓட்டிய மனிதர், ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே அடியில் போயின.

அவர் மனைவி ஒரு துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கிறவள். வாரத்துக்கு இரண்டு தடவை ஊரின் மறுகோடியிலிருந்த பேச்சு, நடைப் பயிற்சி நிலையத்துக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டும். பஸ் ஏறி இறங்க அப்போது அவரால் முடியாது. வாசலில் அவருடைய கார் சும்மா நின்றது. நாற்பத்தேழு வயதில் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், இல்லாத பிரேக்கை இடது காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

"ஏங்க, கொஞ்சம் நம்புங்களேன்" என்று அவள் சிரித்தாள். அவரும் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

பெட்ரோல் போட்டாள். காற்று பிடித்தாள். கண்ணாடி துடைத்தாள். ஆனால் ஆயில் மாற்றுவதை எப்போதும் அவர்தான் செய்வார், விடுமுறை நாளில் காருக்கடியில் படுத்துக்கொண்டு. அவளைப் பொறுத்தவரை அது சட்டையில் துவைத்தாலும் போகாத கறை, அவ்வளவுதான். அவரோடு சேர்ந்து அந்த வேலையும் விழுந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது.

அதற்குள் அவருக்குச் சொற்கள் பாதி பாதியாக வரத் தொடங்கியிருந்தன. தண்ணி 'தண்' என்று வந்தது, மருந்து 'மருந்' என்று வந்தது. "கடைசி எழுத்து நாக்குல ஏறல. பரவாயில்ல, பேச விடுங்க. நிறுத்தவிடாதீங்க" என்றாள் பயிற்சி தருகிறவள்.

ஒருநாள் காரில் போகும்போது அவர், "ஆயி... ஆயி..." என்றார்.

அவள் பதறிப்போய் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, தோளில் தாங்கிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். வேண்டாமாம். அடுத்த தடவையும் அதே கதை. அன்று அவர் காரின் முன்பலகையை இடது கையால் ஓங்கி ஓங்கித் தட்டினார், கண்ணில் நீர் வந்துவிட்டது.

மூன்றாவது தடவை பாலத்தின் நடுவில். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. தினமும் தாமதமாக வருகிறாள் என்று கடைக்காரர் முந்தின நாள்தான் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருந்தார்.

"ஆயி..."

"வாயை மூடிட்டு வாங்களேன்! சின்னப் புள்ளையா நீங்க? கூட்டிட்டுப் போனா ஒண்ணும் இல்ல. ஏன் இப்படி என் உயிரை வாங்குறீங்க?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு காரில் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மேட்டில் ஏறும்போது முன்பலகையில் கெண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. அது என்னவென்று யோசிப்பதற்குள் இரும்போடு இரும்பு மோதியதுபோல ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது.

இழுத்துக்கொண்டு போய் விட்ட பட்டறை, அவருடைய பழைய நண்பனுடையது. பல்லிடுக்கில் ஒரு நட்டைக் கடித்துக்கொண்டே வேலை செய்வதால் எல்லாருக்கும் அவன் 'நட்டு'. அவன் காரடியில் படுத்து என்ஜினின் அடைப்பைத் திறந்தான். ஒழுக வேண்டிய ஆயில் ஒழுகவில்லை. கறுப்பாக, களிபோல, கொஞ்சம் நழுவி விழுந்தது.

"கடைசியா எப்போ மாத்தினீங்க அண்ணி?"

"எதை?"

நட்டு வாயிலிருந்த நட்டை எடுத்துவிட்டான்.

"ஆயில் அண்ணி. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும். அண்ணன் ஒரு தடவைகூட நாள் தள்ளினதில்ல. என்ஜின் உள்ளயே சிக்கிப்போச்சு. இனி இதுல ஒண்ணும் இல்ல."

"நல்லாத்தானே ஓடிச்சு? திடீர்னு இப்படி ஆகுமா தம்பி?"

"திடீர்னு ஆகாது. ஒரு மாசமாவது டக்கு டக்குனு தட்டியிருக்கும். உங்களுக்குப் பழக்கமில்ல, ரோட்டுச் சத்தம்னு விட்டிருப்பீங்க. அண்ணன் காதுன்னா உடனே பிடிச்சிருக்கும். முதல்ல ஆயிலைப் பாருன்னு அவரே..."

அவருக்குப் பேச்சு இல்லை என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டான்.

அவள் பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்தாள். ஆயில் என்று ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கடைசி எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

காருக்காக அழுகிறாள் என்று நட்டு நினைத்துவிட்டான். "என் மேலயும் தப்பு இருக்கு அண்ணி. ஒரு தடவை வந்து பார்த்தேன். அண்ணனை அப்படிப் பார்க்க மனசு கேக்கல. அப்புறம் அந்தப் பக்கமே வரல. வந்திருந்தா வண்டியையாவது பார்த்திருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஆயில்னுதானே சொன்னீங்க?"

அவர் அவளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆமாம் என்று மெதுவாகத் தலையசைத்தார்.

"எனக்குப் புரியலங்க. நான் ஒரு முட்டாள். இப்போ சொல்லுங்க. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுங்க, கேக்குறேன்."

அவர் இடது கையை அவள் தலைமேல் வைத்தார். அந்தக் கையில் கோபம் இல்லை. ஆனால் வாய் திறக்கவில்லை.

அன்றும் இல்லை, பிறகும் இல்லை. கார் பழைய இரும்புக்குப் போனது. அதற்குள் அவர் ஊன்றுகோல் பிடித்து நடக்கப் பழகியிருந்ததால் பஸ்ஸில் போனார்கள். பயிற்சி தருகிறவள் படங்களைக் காட்டிக் காட்டிக் கேட்டாள். அவர் கையை மட்டும் காட்டினார். "இத்தனை மாசத்துல வந்ததெல்லாம் எப்படி இப்படி நின்னுபோச்சு? வீட்ல ஏதாவது நடந்ததா?" என்று அவள் கேட்டபோது, மனைவி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பயிற்சி தருகிறவள் படங்களை அடுக்கி வைத்துவிட்டு, "கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாமா?" என்றாள்.

"இல்லம்மா. நாங்க வந்துட்டேதான் இருப்போம்" என்றாள் அவள்.

வெளியே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அவர்களுடைய பஸ் வந்தது. அவள் அவரை எழுப்பவில்லை.