பெண்கள் தரப்பில் ஒருவர்

முப்பத்தாறு வயதிலும் பிரபாவதி 'இளம் ஆய்வாளர்'தான். முன்தலை நரைத்துவிட்டதே என்றெல்லாம் பார்க்கக் கூடாது. முனைவர் பட்டம் வாங்கி ஏழு வருடம் வரைக்கும், ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கிறவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு ஏழாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெல்லோஷிப் முடிவதற்குள் அடுத்ததற்கு விண்ணப்பம் எழுதி எழுதியே அவள் சலித்துப்போயிருந்தாள்.

இந்த முறை தலைப்பு 'பெண்கள், சமாதானம், பாதுகாப்பு'. அதே பெல்லோஷிப் வாங்கிய மற்றவர்கள் எல்லைப்புறத்துக்கும் அகதி முகாமுக்கும் போனார்கள். இவள் பிறந்து வளர்ந்த நெய்வேலிக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இங்கே எந்தத் தகராறு முற்றினாலும் ஓர் அதிகாரி முன்னிலையில் சமாதானப் பேச்சுவார்த்தை நடக்கும். வெயிலில் சாலையில் உட்காருவது பெண்கள், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேசுவது ஆண்கள். அது ஏன் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒரு பேச்சுவார்த்தையையாவது நேரில் பார்த்து எழுதினால் இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பார்கள். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மாதக்கணக்கில் அலைந்தும் அவளை யாரும் உள்ளே விடவில்லை.

அப்போதுதான் வேன் பிரச்சினை வந்தது. டவுன்ஷிப்பில் பெருக்கித் துடைக்கும் கான்ட்ராக்ட் பெண்களை, ராத்திரி செகண்ட் ஷிப்ட் முடிந்ததும் மந்தாரக்குப்பத்தில் இறக்கிவிட ஒரு வேன் இருந்தது. டீசல் கட்டுப்படியாகவில்லை என்று ஒப்பந்தக்காரர் அதை நிறுத்திவிட்டார். நடந்து போன மலர்கொடியை பைக்கில் வந்த இரண்டு பேர் மறித்து, கையைப் பிடித்துப் புதர்ப் பக்கம் இழுத்தார்கள். பின்னால் லாரி வந்ததால் பிழைத்தாள். மறுநாள் பெண்கள் ஒருத்தியும் வேலைக்குப் போகாமல் சாலையில் உட்கார்ந்தார்கள்.

தொழிலாளர் துறை அதிகாரி பேச வரச் சொன்னார். பெண்கள் தரப்பில் ஒருவர் வரலாம் என்று சொன்னதே அதிசயம்.

"எனக்குத்தான நடந்துச்சு, நானே போய்ச் சொல்றேன்" என்றாள் மலர்கொடி. புருஷனிடம்கூட முழுசாகச் சொல்லாதவள் அவள்.

தொழிற்சங்கச் செயலாளர் செங்குட்டுவன் பிரபாவதியையும் ஓரமாக உட்கார வைக்கிறேன் என்றார். அன்று அவளை முதல் ஆளாக உள்ளே கூட்டிப்போய் மூலை நாற்காலியைக் காட்டினார். சங்கத்து ஆண்கள் நாலு பேர் வந்தார்கள், ஒப்பந்தக்காரர் வந்தார், கதவைச் சாத்தினார்கள். மலர்கொடியைக் காணோம். கடைசி நேரத்தில் பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று பிரபாவதி நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "லேடீஸ் சைடுலயும் ஒருத்தர் வந்தாச்சு. ஆரம்பிக்கலாங்களா?" என்று அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிரபாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. மலர்கொடி பயப்படவில்லை, அவளை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் இடத்தில்தான் இவள் உட்கார்ந்திருக்கிறாள். செங்குட்டுவனைப் பார்த்தாள். அவர் குனிந்து, "கண்டுக்காதீங்க மேடம், அவங்களுக்கும் சேத்து நாங்க பேசிக்கிறோம்" என்றார்.

எழுந்தால் நீட்டிப்பு போச்சு. பேசாமல் குறிப்பெடுத்தாள். சொன்னால் வெட்கக்கேடு, குறிப்பு அருமையாக வந்தது. அறையில் இருக்கும் ஒரே பெண்ணுக்குப் பேச உரிமை இல்லை என்று எழுதிவிட்டு, கட்டுரைக்கு இதுவே தலைப்பு என்றுகூட அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருடப் படிப்பு அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த லட்சணம்தான்.

ஆண்கள் போனஸ் பற்றியே பேசினார்கள். ஒப்பந்தக்காரர் இழுத்தார், அவர்கள் பிடித்தார்கள், ஒருவழியாக முடிந்தது. "வேனு?" என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

"அது அடுத்த மீட்டிங்ல பாக்கலாங்க" என்றார் ஒப்பந்தக்காரர். செங்குட்டுவன் சரியென்று தலையாட்டினார். அதிகாரி இவள் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் ஓகேதானம்மா?" என்றார்.

பிரபாவதி எழுந்துவிட்டாள். "நான் அவங்க ஆள் இல்லைங்க. அவங்க ஆள் வெளியில நிக்கிறாங்க."

"அப்ப நீங்க யாரு?"

"ஆராய்ச்சி பண்றேன்."

"வெளியாளுங்க இதுல உக்காரக் கூடாதும்மா."

"தெரியுங்க. அவங்களைக் கூப்பிடுங்க, நான் போயிடறேன்."

செங்குட்டுவன் முகம் கறுத்தது. இனி அவர் இவளை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடப் போவதில்லை. வாசலில் மலர்கொடி நின்றுகொண்டிருந்தாள். "உன் இடத்துல உக்காந்துட்டேன், போ" என்றாள் பிரபாவதி. மலர்கொடி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

வெளியே பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பிரபாவதிக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. அப்படியே படுத்தால் தேவலை போலிருந்தது.

வெகு நேரம் கழித்து மலர்கொடி வந்தாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "நாளையிலேர்ந்து வேன் வுடுறாங்களாம். ரெண்டு மாசத்துக்குத்தான். அப்பால பாக்கலாம்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, பிரபாவதிக்குப் பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உள்ள நடந்தத நீ எழுதணும்ல?" என்றாள்.

"ஆமா."

"அத்தன ஆம்பளைங்களும் பாத்துகினு இருக்க, எங்க புடிச்சான், எப்பிடி இழுத்தான்னு ஒவ்வொண்ணா கேட்டாங்கம்மா. சொன்னேன். இன்னொரு தபா சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

அடுத்த கேள்வி பிரபாவதியின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எப்படிக் கேட்டால் மனுஷர் மனம் திறப்பார்கள் என்பதில் அவள் கைதேர்ந்தவள்.

"சொல்ல வேணாம்" என்றாள்.